கல்லாங்காட்டுத் தெருவுக்கே கேட்ட நெஞ்சடிப்பு

கல்லாங்காட்டுத் தெருவில் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்ட காலையில் யாரும் பயந்துவிடவில்லை, அவரவர் தறியைத்தான் குனிந்து பார்த்தார்கள். விசைத்தறித் தெரு அது. பிறந்த பிள்ளை தொட்டிலில் கண் மூடுவதே தறிச் சத்தத்தில்தான்; கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு விழித்து அழும். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அங்கே பாதி கைச்சாடையிலும் பாதி உதட்டசைவிலும்தான் நடக்கும், ஓடுகிற தறிக்கு மேலே எவன் தொண்டை கிழியக் கத்துவது. ஒரு போல்ட் தளர்ந்தால் அடுத்த வீட்டுக்காரியின் காது சொல்லிவிடும். அப்படிப்பட்ட காதுகளில்தான், பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, எல்லாத் தறிச் சத்தத்துக்கும் அடியிலிருந்து, தொம் தொம் தொம் என்று, எந்தத் தறிக்கும் சேராத ஒரு சத்தம் ஏறி வந்தது.

பட்டறை முதலாளி அர்த்தனாரி பனியனோடு தெருவில் இறங்கினார். "எவனோ காயலான் கடையில கெடந்த தறியைக் கொண்டாந்து ஓட்டறான்யா, யாருன்னு பாரு" என்று வீடு வீடாக எட்டிப் பார்த்தார். என்ற தறியில்லீங்ணா என்றான் ஒருவன், என்றதுமில்லீங்க என்றான் இன்னொருவன். எதிர்வீட்டு ராசாமணி கையில் நூல் கோத்த தறி நாடாவோடு வாசலுக்கு வந்து, "உங்க பட்டறையிலதான் என்னமோ சாகக் கெடக்குது, போயி எண்ணெய் விடுங்க" என்றாள். காதை முன்னால் அனுப்பிவிட்டு ஆள் பின்னால் போகிற மாதிரி அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனவர்கள் கடைசியில் வந்து நின்றது அம்சவேணியின் ஒற்றை அறை வீட்டில். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடின. கட்டிலுக்கடியில், புதுச் சீருடையும் முதுகில் பையுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்சவேணியின் மகள் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. சத்தம் அந்தச் சீருடைக்குள்ளிருந்து வந்தது.

"ஓ, பாப்பாதானா" என்றார் அர்த்தனாரி. "நாங்கூட எவனோ தறி எறக்கிட்டான்னு நெனச்சேன்." நெஞ்சு அடிக்கிற சத்தம் என்று தெரிந்ததும் எல்லாரும் திரும்பிப் போய் வேலையைப் பார்த்தார்கள்.

அம்சவேணிக்கும் அது பெரிய அதிசயமாகப் படவில்லை. அந்தப் பிள்ளைக்குள்ளே ஏதோ ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். இப்போது அது வெளியே கேட்கிறது, அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் மிட்டாய் கேட்கிற மாதிரி கனி 'அப்படி ஆனா' கேட்பாள். அம்மா, நீ தறிக்கு நூல் தார் எடுக்கப் போறப்ப வண்டி வந்துட்டா? பஸ்ஸு ஆத்துப் பாலத்து மேல நின்னுபோச்சுன்னா? டீச்சர் என் பேரைக் கூப்புடறப்ப எனக்குக் குரலே வரலீன்னா? ஒன்றும் ஆகாதுடி சாமி என்று அம்சவேணி சொல்லி முடிக்கும் முன்பே அடுத்த ஆனா வந்து நிற்கும். காலையானால் வயிறு வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிச் சொல்லி அம்சவேணிக்கு அந்த வார்த்தையே தேய்ந்து போயிருந்தது.

கொஞ்ச நாளில் தெரு அந்தச் சத்தத்தோடு பழகிக்கொண்டது. தொம் தொம் என்று மெதுவாகக் கேட்டால் கனி பல் துலக்குகிறாள் என்றார்கள், வேகம் பிடித்தால் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது என்று அடுப்பில் சோற்றைப் பார்த்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையைத் தூங்கவைக்க அம்சவேணி வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து போட்டார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வந்த பம்பைக்காரர் ஒருவர் தெருமுனையில் நின்று காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தாளம் சுத்தமாக இருக்கிறது, யார் வாசிக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். கனியின் அப்பன் மாதேசு மட்டும் ஒரு தாயத்து வாங்கிக் கட்டினான். நெஞ்சு அடித்த அடியில் கயிறு அறுந்து தாயத்து தெறித்துப்போய்ச் சாம்பார்ச் சட்டியில் விழுந்தது.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா காதில் மாட்டியதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, "இது எதுக்கு, அதான் வராண்டா வரைக்கும் கேக்குதே" என்று சிரித்தாள். "நெஞ்சு நல்லா இருக்குது. பயந்தா எல்லாருக்கும் அடிக்கறதுதான், இவளுக்குக் கொஞ்சம் சத்தமா அடிக்குது. ஏறுனது தானா இறங்கும். அது வரைக்கும் பதறாம கூட இருங்க" என்று சொல்லி அனுப்பினாள். மாதேசு தெருவுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பேச்சில் பாதி பஸ்ஸிலேயே இறங்கிப் போயிருந்தது. "கூட இருக்கோணுமாம்" என்று மட்டும் சொன்னான். அவ்வளவுதான், தெருவே கூட இருக்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் நடந்ததைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கனி தண்ணீர்க் குழாய்க்குப் போன வழியில், ஒரு நாயைப் பார்த்து நடுத்தெருவில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போய் நெஞ்சு தொம்தொம்தொம் என்று எகிற, ராசாமணி அதைக் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சட்டென்று தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். அவள் நிறுத்தியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் நிறுத்தினான், அவனைப் பார்த்து அடுத்தவன், அப்படியே பாவு இழை பிரிகிற மாதிரி தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொரு தறியாக நின்று, கல்லாங்காட்டுத் தெருவில் காக்காய் கத்துவது கேட்டது. ராசாமணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, டீயில் பன்னை நனைத்து ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

"பாத்தீங்களா" என்றாள் ராசாமணி. "தறியை நிறுத்துனதும் நின்னுபோச்சு."

தறிக்காரர்களுக்கு இதைவிடச் சரியான காரணம் வேறென்ன வேண்டும்? ஓடுகிறபோது இழை அறுந்தால் முதல் வேலை தறியை நிறுத்துவது. பிள்ளைக்குள்ளே ஏதோ அறுகிறது, நிறுத்து. அன்றிலிருந்து கனியின் நெஞ்சு வேகம் பிடிக்கிறபோதெல்லாம் தெரு முழுக்கத் தறி நின்றது, யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, மனசிருக்கிறவன் கை தானாகப் போயிற்று. நாயைப் பிடித்துக்கொண்டுபோய் அக்கரையில் விட்டார்கள். சேவலை விற்றார்கள். பழைய பேப்பர்காரன் மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனான். பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா டீச்சர் வருகைப் பதிவில் கனியின் பெயரை வாய்விட்டுக் கூப்பிடாமல் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டாள். இன்னைக்கு வேணாம்னா வேணாம் விட்டுரு, நாளைக்குப் போகட்டும் என்றார்கள் எல்லாரும். நாளைக்கும் அப்படியே சொன்னார்கள்.

இப்படியே தெரு ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைக்க வைக்க, கனிக்குப் பயப்பட வேண்டியவை குறையவில்லை, சின்னதாயின. நாய் போன இடத்தில் பூனை வந்தது. பூனை போன இடத்தில் பூனையின் நிழல் வந்தது. முதலில் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனது, அப்புறம் தெருமுனை, அப்புறம் குழாயடி, கார்த்திகை மாசம் பாதியில் வாசற்படி. அம்சவேணி அர்த்தனாரி பட்டறைத் தறிக்குப் போக எழுந்தால் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தொம்தொம் என்று அதிர, கூரைத் தகடு அதிர, ஊரே நிறுத்தும். நாடாவில் நூல் தீர்ந்து தார் மாற்றுகிற நேரத்துக்குத் தறி நின்றால் ஒன்றுமில்லை, ஆனால் பாதியில் நிறுத்திப் போட்டுவிட்டுப் போனால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். அந்த வருஷம் கல்லாங்காட்டுத் தெருப் போர்வையெல்லாம் கோடு கோடாக இருந்தது. கனி எப்போதெல்லாம் பயந்தாள் என்பது மடித்து அடுக்கிய ஒவ்வொரு துணியிலும் தெரிந்தது. ஈரோட்டு வியாபாரி விரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, புது டிசைனா?" என்று கேட்டார். அர்த்தனாரி ஆமாங்க என்று சொல்லிவிட்டார். அவர் மட்டுமல்ல, ஒருத்தர்கூடப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அதுதான் அம்சவேணிக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

கடைசியில் அர்த்தனாரியே ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றார். "அம்மிணி, தப்பா நெனச்சுக்காத. உன்ற அக்கா மேட்டூர்ப் பக்கம் தோட்டத்துல இருக்குதல்ல? அங்க தறியே இல்ல, சத்தமில்லாத ஊரு. பாப்பாவைக் கொண்டுபோயி அங்க விட்டா அமைதியா இருக்கும். கொஞ்ச வருசம் போனாத் தானாச் சரியாயிரும். செலவை நாங்க பாத்துக்கறோம்."

மாதேசு தலையை ஆட்டினான். ராசாமணி மூக்கைச் சிந்தினாள். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள், அம்சவேணியும் சரி என்றுதான் சொன்னாள். அவர்கள் போன பிறகு கட்டைப் பையை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையின் பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். தான் இங்கேயும் பிள்ளை அங்கேயுமாக இருந்தால், எப்போது அடிக்கிறது எப்போது அடங்குகிறது என்றுகூடத் தன் காதுக்குத் தெரியாதே என்று நினைத்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை.

கனி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தொம், தொம் என்று சன்னமாகக் கேட்டது.

"பெரியம்மா ஊர்லயும் நிறுத்துவாங்களாம்மா?"

"என்னத்தடி?"

"எல்லாத்தையும். எனக்கு அடிக்கறப்ப."

"அங்க நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல சாமி. அங்க எப்பவும் அமைதிதான்."

அவ்வளவுதான், கனியின் நெஞ்சு குதித்தது. டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. "அப்ப எப்பவுமே நிறுத்துன மாதிரியே இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, பாவாடைத் துணியை முறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கெல்லாம் நிறுத்துனாத்தான்மா எனக்கு ரொம்பப் பயமாருக்குது. அடிக்கறப்ப எல்லாரும் நிறுத்திட்டு என்னையவே பாக்கறீங்க. பெரியவங்களே நிறுத்திட்டாங்கன்னா நெசமாவே என்னமோ வரப்போவுதுன்னுதான அர்த்தம்? தறி ஓடுனா, சரி, ராசாமணி அத்தை போர்வை போட்டுட்டு இருக்குது, ஒண்ணும் ஆவலைன்னு தெரியும்."

அம்சவேணி மடித்துக்கொண்டிருந்த பாவாடையைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் காதைக் கொடுத்தாள். வெளியே தெரு நின்றுபோயிருந்தது. பிள்ளைக்கு அடிக்கிறது என்று தெரு முழுக்க, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல மனசோடு நின்றுகொண்டிருந்தது.

அவள் எழுந்து கனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இனிமேல் யாரும் நிறுத்தாதீர்கள் என்றாள். நெஞ்சு எப்படி அடித்தாலும், கூரையே அதிர்ந்தாலும், ஓட்டிக்கொண்டே இருங்கள்.

"ஏண்டி அம்சு, உனக்குக் கிறுக்கா?" என்றாள் ராசாமணி. "புள்ள நெஞ்சு அப்படி அடிக்கறப்ப எனக்குத் தறி ஓட்ட மனசு வருமாடி? கல்லா நானு?"

"நீ ஓட்டுனாத்தான் அவளுக்குத் தைரியமாம்க்கா."

"அவ சொன்னாளா?"

"அத்தை போர்வை போட்டாத்தான் ஒண்ணும் ஆவலைன்னு தெரியுமாம்."

ராசாமணி கனியின் முகத்தைப் பார்த்தாள். கனி அம்மாவின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். "சரிடி அம்மா" என்றாள் ராசாமணி, "இத்தன மாசமா நாங்கதான் உனக்குப் பூச்சாண்டியா இருந்தோமாக்கும்." சிரிக்க நினைத்துச் சொன்னாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அம்சவேணி குடத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, குழாயடி வரைக்கும் மட்டும் போய்வரலாம் என்று வாசற்படியில் இறங்கினாள். தெருவுக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. அர்த்தனாரி பட்டறை சுவிட்சுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்துக்கொண்டு நின்றார். மாதேசு தறியைப் பார்க்கிற மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். படி இறங்கினதுமே கனியின் நெஞ்சு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு எட்டுக்கும் ஏறியது, தார்க்கூடைகள் கவிழ்ந்தன, தெருவிளக்குக் கம்பம் ஆடியது, டீக்கடைக் கண்ணாடி ஜாடிக்குள் வர்க்கி பிஸ்கட் துள்ளித் துள்ளி உடைந்தது. தறிகள் ஓடின. ராசாமணி அழுதுகொண்டே ஓட்டினாள்.

குழாயடிக்குப் பாதி வழியில் கனி நின்றுவிட்டாள். "வீட்டுக்குப் போலாம்மா."

அம்சவேணிக்கு அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. கை நீண்டும்விட்டது. தூக்கினால் சத்தம் நின்றுவிடும், இந்த நிமிஷமே நின்றுவிடும். ஆனால் அப்புறம் மேட்டூர்தான். நீண்ட கையைத் திரும்ப இழுத்துப் பிள்ளையின் தோளில் வைத்துக்கொண்டு அவள் குந்தி உட்கார்ந்தாள். அப்போதுதான் தெரு இன்னொரு சத்தத்தைக் கேட்டது. கனியின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே, அதைவிடக் கனமாக, ஆட்டுக்கல்லைத் தரையில் போடுகிற மாதிரி, தம் தம் தம் என்று.

கனி அழுகையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டினாள். பிறகு அம்மாவின் மாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உனக்குமாம்மா?"

"எனக்குந்தான் சாமி."

"எதுக்கு அடிக்குது?"

"உன்னைப் பாத்துத்தான். உனக்கு என்னமோ ஆயிருமோன்னு."

கனி கையை எடுக்கவில்லை. "அடிச்சா நீ என்ன பண்ணுவ?"

அம்சவேணி கீழே பார்த்தாள். கையில் குடம் இருந்தது. "தண்ணி புடிச்சுட்டுப் போவேன்" என்றாள்.

"அடிக்கறப்பவேவா?"

"அது பாட்டுக்கு அது அடிக்கும், நாம்பாட்டுக்குப் புடிப்பேன். எவ்வளவு நேரம்தான் அடிக்கும், அதுக்கும் கை வலிக்காதா?"

இரண்டு நெஞ்சும் ஊர் அதிர அடித்துக்கொண்டிருக்க அம்மாவும் மகளும் குழாயடிக்குப் போனார்கள். குடம் நிறைந்துகொண்டிருந்தபோது, அதுவும் முழுசாக நிறையவில்லை, கழுத்து வரைக்கும் வந்திருந்தபோது, கனிக்குச் சத்தம் இறங்க ஆரம்பித்தது. யாரும் தூக்கவில்லை, யாரும் நிறுத்தவில்லை, பன் ஊட்டவில்லை. ஏறினது தானாக இறங்கியது. கனி தன் நெஞ்சையே குனிந்து, அங்கே ஏதோ வேடிக்கை நடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்காக ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்கள் பிள்ளை வளர்க்காதவர்கள். மறுநாள் குழாயடிக்கே வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாள் போனாள். அப்புறம் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய் ஒரு வர்க்கி வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். தறியை நிறுத்திப் பழகின தெருவும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் எவனாவது ஒருவன் கை லீவரைத் தொட்டுவிடும், உடனே எதிர்வீட்டிலிருந்து ராசாமணி விரலை ஆட்டி மிரட்டுவாள். மாதேசே அக்கரைக்குப் போய் அந்த நாயைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தான். வந்த நாய் இவர்களை யாரென்றே கண்டுகொள்ளாமல் போய் நிழலில் படுத்தது. இன்னொன்றும் நடந்தது. அம்சவேணியின் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து தெருவில் ஒவ்வொருவர் நெஞ்சாக வெளியே கேட்க ஆரம்பித்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று அர்த்தனாரியின் நெஞ்சு பழைய டீசல் எஞ்சின் மாதிரி அடித்தது. ராசாமணிக்குக் கரப்பான் பூச்சியைக் கண்டால் அடித்தது, இத்தனை வருஷமாக அதை மறைத்துவைத்திருந்தாளே என்று அவள் புருஷன் சிரித்தான். அவரவர் சத்தம் வெளியே வந்த பிறகு கனியின் சத்தம் தெருச் சத்தங்களில் ஒன்றாகிப் போயிற்று.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அம்சவேணி முதல் நாளே போய் ஸ்டெல்லா டீச்சரிடம், பிள்ளை பெயரை இனிமேல் வாய்விட்டே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் யோசித்தாள். "அவ பயந்துக்குவாளே?" "பயந்துக்குவா டீச்சர். நீங்க கூப்புடுங்க. மேட்டூருக்கு அனுப்ப என்னால முடியாது" என்றாள். டீச்சருக்கு மேட்டூர் விஷயம் விளங்கவில்லை, ஆனாலும் சரி என்றாள்.

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பட்டறைக்கு வந்து அம்சவேணி தன் தறியில் நின்றாள். அங்கிருந்து பள்ளிக்கூடம் தெரியாது, கேட்கும். பிரார்த்தனை முடிகிறவரை நிதானமாகக் கேட்டது. பிறகு வகுப்புக்குள் போயிருப்பார்கள், வேகம் பிடித்தது. வருகைப் பதிவு ஆரம்பித்திருக்கும், அகரவரிசையில் ஒவ்வொரு பெயராக வர வர, தொம்தொம்தொம் என்று ஊருக்கு மேலே ஏறி வந்தது, இதுவரைக்கும் இல்லாத சத்தமாக, பாவில் இருந்த பஞ்செல்லாம் உதிர்ந்து விழுகிற மாதிரி. தெருவில் ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. அம்சவேணியின் கை தானாக லீவருக்குப் போயிற்று. விரல் இரும்பைத் தொட்டது. அவள் நெஞ்சும் அடித்தது. லீவரை இழுக்காமல் விரலை எடுத்து, அறுந்திருக்கிறதா என்று இழைகளைத் தடவிப் பார்க்கிற மாதிரி துணி மேல் வைத்துக்கொண்டாள். தறி ஓடியது.

அப்போது அந்தச் சத்தத்தில் ஒரு இடைவெளி விழுந்தது. ஒரு அடி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மூச்சு இழுத்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அதற்கப்புறம் மறுபடி அடித்தது, ஒரு படி கீழே இறங்கி.

தறிச் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எதிர்வீட்டுச் சன்னலில் ராசாமணி இவளைப் பார்த்து, கண் முகமெல்லாம் நனைந்து, உதட்டை மட்டும் அசைத்தாள்: சொல்லிட்டா.

அம்சவேணி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு கனி வந்தாள். நிழலில் கிடந்த நாயைத் தாண்டி வந்திருக்கிறாள் போல, தொம் தொம் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு சாமி?"

"ரொம்ப அடிச்சுது. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. உள்ளேன் டீச்சர்னு சொன்னேன்" என்றாள் கனி, சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துக்கொண்டே. "பசிக்குது. வேற ஒண்ணும் இல்லையா?"